பிப்ரவரிக்கு ஒரு மேசை: ஊரிலும் பள்ளியிலும் எல்ஜிபிடி வரலாற்று மாதம் நடத்த ஒரு வழிகாட்டி

பிரித்தானியாவில் பிப்ரவரி, எல்ஜிபிடி (தன்பாலீர்ப்பாளர், இருபாலீர்ப்பாளர், திருநர்) வரலாற்று மாதம். கோடையில் நடக்கும் பிரைட் ஊர்வலங்களோடு பலர் இதைப் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். ஊர்வலம் தெருவில் நடப்பது. இது நூலகத்திலும் வகுப்பறையிலும் ஊர் மண்டபத்திலும் நடப்பது. அமெரிக்காவில் இதே போன்ற மாதம் அக்டோபரில் வருகிறது. அதை 1994இல் மிசூரி மாநிலத்து வரலாற்று ஆசிரியர் ராட்னி வில்சன் தொடங்கினார். இங்கேயும் தொடங்கியவர்கள் ஆசிரியர்கள்தான். சூ சாண்டர்ஸ், பால் பேட்ரிக் இருவரும் ‘ஸ்கூல்ஸ் அவுட்’ அமைப்பின் வழியாக 2004இல் அறிவிக்க, 2005 பிப்ரவரியில் முதல் மாதம் நடந்தது.

பிரித்தானியாவில் வாழ்கிற, இதற்கு முன் இப்படி எதையும் நடத்தியிராத தமிழர்களுக்காக எழுதுகிறேன். நீங்கள் பெற்றோராக இருக்கலாம், நூலகத் தொண்டராக இருக்கலாம், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பாடம் எடுப்பவராக இருக்கலாம். நீங்களே எல்ஜிபிடி சமூகத்தவராக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். என் யோசனை ஒன்றுதான்: கொடி, பலூன், வானவில் கேக் என்று தொடங்காமல் ஒரு மனிதரிலிருந்து தொடங்குங்கள். உங்கள் ஊரோடோ உங்கள் ஆட்களோடோ தொடர்புள்ள ஒருவர், அவரைப் பற்றிக் கையில் எடுத்துக் காட்ட ஒரு காகிதம், அதை வைக்க ஒரு மேசை. முதல் வருடத்துக்கு இவ்வளவு போதும்.

முதலில் பிரிவு 28

எந்தப் பள்ளியின் கதவைத் தட்டுவதற்கு முன்பும் இந்தச் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 1988ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, அந்த ஆண்டு மே 24 அன்று நடைமுறைக்கு வந்தது. கவுன்சில்கள் தன்பாலீர்ப்பை ‘ஊக்குவிக்க’க் கூடாது என்றது. தன்பால் உறவை ஏற்கத்தக்கதாக அரசுப் பள்ளிகளில் கற்பிப்பதையும் ஊக்குவிக்கக் கூடாது என்றது. அந்த உறவுகளுக்கு அது வைத்த பெயர் ‘பாசாங்கான குடும்ப உறவு’. அதன்கீழ் யாரும் தண்டிக்கப்படவில்லை. தேவையும் இருக்கவில்லை, ஆசிரியர்கள் தாங்களாகவே வாயை மூடிக்கொண்டார்கள். வகுப்பில் ஒரு பிள்ளை கேலி செய்யப்பட்டால்கூட, தலையிட்டால் வேலைக்கு வம்பு வருமோ என்று ஒதுங்கினார்கள்.

ஸ்காட்லாந்தில் 2000இலும், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003 நவம்பரிலும் அது நீங்கியது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: இன்று தலைமையாசிரியர் நாற்காலியில் இருக்கும் பலர் அந்தச் சட்டம் இருந்த காலத்தில் பள்ளியில் படித்தவர்கள், அல்லது புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். நீங்கள் பேசப் போகும்போது எதிரில் தெரியும் தயக்கம் பெரும்பாலும் வெறுப்பாக இருக்காது, பழைய எச்சரிக்கையாக இருக்கும். அதைத் தெரிந்துகொண்டு போனால் பேச்சின் தொனியே வேறாக இருக்கும்.

ஆளைத் தேர்ந்தெடுத்தல்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். ஆலன் ட்யூரிங்கை எல்லோரும் எடுப்பார்கள். எடுக்கட்டும், அவர் 50 பவுண்டு நோட்டிலேயே இருக்கிறார். பிளெட்ச்லி பார்க்கில் போர்க்காலச் சங்கேதங்களை உடைத்தவர், 1952இல் தன்பாலுறவுக்காகத் தண்டிக்கப்பட்டார், 1954இல் இறந்தார். 2009இல் பிரதமர் மன்னிப்புக் கேட்டார், 2013இல் அரச மன்னிப்பு வந்தது. இவ்வளவும் எல்லாச் சுவரொட்டியிலும் இருக்கும். சுவரொட்டிகளில் இல்லாதது ஒன்று: அவருடைய அம்மா ஈத்தல் சாரா பிறந்தது கோயம்புத்தூரை ஒட்டிய போத்தனூரில். தாத்தா எட்வர்டு ஸ்டோனி மதராஸ் ரயில்வேயின் தலைமைப் பொறியாளர். அப்பா ஜூலியஸ் மதராஸ் மாகாணத்தில் ஐசிஎஸ் (இந்தியக் குடிமைப் பணி) அதிகாரி. தமிழ்ப் பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் இதைச் சொல்லிவிட்டு ஒரு பழைய ரயில்வே வரைபடத்தையும் காட்டுங்கள், அவர்களே கேள்வி கேட்கத் தொடங்குவார்கள்.

என்னைக் கேட்டால் நமக்கு இன்னும் நெருக்கமானவர் எட்வர்டு கார்ப்பென்டர். 1844இல் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் ஆசிரியராக இருந்தவர். அங்கே படிக்க வந்த பொன்னம்பலம் அருணாசலத்தோடு அவருக்கு ஏற்பட்ட நட்பு கடைசிவரை தொடர்ந்தது. ஆம், பிற்காலத்தில் இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவரான அதே அருணாசலம். பகவத் கீதையைக் கார்ப்பென்டர் கையில் கொடுத்தவர் அவர்தான். 1890இல் கார்ப்பென்டர் இலங்கைக்குப் போய், அருணாசலம் மூலம் இராமசுவாமி என்ற தமிழ் ஞானியைக் குருணாகலில் சந்தித்து, நாள்தோறும் போய் உட்கார்ந்து கேட்டார். திரும்பி வந்தபின் ஷெஃபீல்டுக்கு அருகே மில்தோர்ப் என்ற சிற்றூரில், ஜார்ஜ் மெரில் என்ற தொழிலாளியோடு ஒரே வீட்டில், ஊரறிய வாழ்ந்தார். எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டுக்குத் தன்பாலுறவுக்காக இரண்டாண்டு கடுங்காவல் கிடைத்த 1895க்குப் பிறகும், அதே சட்டம் இருந்த நாட்டில், அப்படி வாழ்ந்தார் என்பதை நினைத்துப் பாருங்கள். அங்கே அவர் செருப்பும் தைத்தார். காஷ்மீரிலிருந்து ஒரு நண்பர் அனுப்பிய செருப்பை மாதிரியாக வைத்துத் தைத்துத் தைத்து, தெரிந்தவர்களுக்கெல்லாம் பழக்கிவிட்டார். அவருடைய கடிதங்களும் காகிதங்களும் ஷெஃபீல்டு ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன.

கார்ப்பென்டரை நான் முன்னே தள்ளுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ட்யூரிங், வைல்டு, கால்பந்து வீரர் ஜஸ்டின் ஃபஷானு என்று வரிசையாக அடுக்கினால், பிள்ளைகள் மனதில் இப்படிப்பட்டவர்களின் வாழ்க்கை எல்லாம் துயரச் சாவில்தான் முடியும் என்று பதிந்துவிடும். கார்ப்பென்டர் 84 வயது வரை இருந்தார். மெரில் 1928இல் இறக்கும்வரை இருவரும் சேர்ந்தே இருந்தார்கள். ஒரு துயரக் கதை சொன்னால், பக்கத்திலேயே நன்றாக வாழ்ந்த ஒருவரையும் வையுங்கள்.

ஆளுக்குப் பதில் ஊரே கிடைத்தாலும் நல்லது. தெற்கு வேல்ஸ் என்றால் 1984–85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் இருக்கிறது. லண்டனில் தன்பாலீர்ப்பாளர்கள் உண்டியல் குலுக்கிச் சேர்த்த பணம் டுலைஸ் பள்ளத்தாக்குக்குப் போனது, 1985 பிரைட் ஊர்வலத்தின் முன்வரிசையில் அந்தச் சுரங்கத் தொழிலாளர்கள் நடந்தார்கள். நார்விச்சில் இருந்தால் ஃபஷானு, லாங்கோலன் பக்கம் இருந்தால் 1780 முதல் அங்கே சேர்ந்து வாழ்ந்த எலினர் பட்லர், சாரா பொன்சன்பி. ஹாலிஃபாக்ஸைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

காகிதத்தைத் தேடுதல்

உங்கள் கவுன்சிலின் உள்ளூர் வரலாற்றுப் பிரிவுக்குப் போய், அங்கிருக்கும் காப்பாளரிடம் நேரடியாகக் கேளுங்கள். வெட்கப்பட எதுவும் இல்லை, அவர்களிடம் இதை ஏற்கனவே பலர் கேட்டிருப்பார்கள். பல நூலகங்களில் பழைய செய்தித்தாள் தொகுப்புகளை இலவசமாகத் தேடலாம். ஆனால் ‘கே’, ‘லெஸ்பியன்’ என்று தேடினால் நூறாண்டுக்கு முந்தைய தாளில் ஒன்றும் வராது. அந்தக் காலச் செய்தியாளர்கள் எழுதியது ‘கிராஸ் இன்டீசென்சி’, ‘அன்நேச்சுரல் அஃபென்ஸ்’. ஆணாக வாழ்ந்து பெண்ணை மணந்தவர்களை ‘ஃபீமேல் ஹஸ்பண்ட்’ என்றார்கள். அந்தச் சொற்களையும் உங்கள் ஊர்ப் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். நீதிமன்ற, மருத்துவமனைப் பதிவுகள் சில 100 ஆண்டுகள்வரை மூடியிருக்கும் என்பதால் அவற்றை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

லண்டனில் இருப்பவர்களுக்கு வசதி அதிகம். லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்துக்கு அருகிலுள்ள பிஷப்ஸ்கேட் இன்ஸ்டிட்யூட்டில் நாட்டின் பெரிய எல்ஜிபிடி தொகுப்புகளில் ஒன்று இருக்கிறது. 1974 மார்ச்சில் தொடங்கிய ஸ்விட்ச்போர்டு தொலைபேசி உதவிச் சேவையின் குறிப்பேடுகள் அங்கே உள்ளன. எந்த இரவில் யார் என்ன கேட்டு அழைத்தார்கள் என்று தொண்டர்கள் கையால் எழுதிவைத்த பக்கங்கள் அவை. கிங்ஸ் கிராஸில் 2022இல் திறந்த க்வியர் பிரிட்டன் அருங்காட்சியகத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள். காட்சிப்பலகையில் எவ்வளவு எழுதினால் மக்கள் நின்று படிக்கிறார்கள் என்பதைக் கவனிக்கவாவது.

தேடும்போது ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். ஆவணம் சொல்வதை மட்டும் சொல்லுங்கள், பெயர்ப்பட்டை ஒட்ட அவசரப்படாதீர்கள். அதற்காகச் சுற்றிவளைத்தும் எழுத வேண்டாம். யார்க் நகரத் தேவாலயச் சுவரில், ஹாலிஃபாக்ஸில் வாழ்ந்த நாட்குறிப்பாளர் ஆன் லிஸ்டருக்கு 2018இல் வைத்த பலகையில் ‘லெஸ்பியன்’ என்ற சொல்லே இல்லை. மக்கள் எதிர்த்து மனுப் போட, 2019இல் அந்தச் சொல்லோடு புதுப் பலகை வந்தது. அவரே தன் நாட்குறிப்பில் தெளிவாக எழுதிவைத்த ஒன்றை நாம் மறைக்க வேண்டியதில்லை.

இடம், தேதி, பணம்

பிப்ரவரியில் பள்ளிகளுக்கு ஒரு வாரம் அரைப்பருவ விடுமுறை (ஹாஃப் டேர்ம்) வரும். கவுன்சிலுக்குக் கவுன்சில் தேதி மாறும், முதலில் அதைப் பாருங்கள். நூலக மண்டபத்தை கிறிஸ்துமஸுக்கு முன்பே பேசி வைத்துவிடுங்கள். தேடல் வேலையை செப்டம்பரிலேயே தொடங்கினால் பதற்றம் இருக்காது. ஒவ்வோர் ஆண்டும் ஏற்பாட்டாளர்கள் ஒரு கருப்பொருள் அறிவிப்பார்கள் (2024இல் மருத்துவம், 2025இல் போராட்டமும் சமூக மாற்றமும்). பொருந்தினால் எடுத்துக்கொள்ளுங்கள், பொருந்தாவிட்டால் விட்டுவிடுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள்.

பேச்சுக்கும் கண்காட்சிக்கும் பொதுவாக உரிமம் எதுவும் தேவையில்லை. மது விற்பதாக இருந்தால் கவுன்சிலிடம் தற்காலிக நிகழ்வு அறிவிப்புக் கொடுக்க வேண்டும், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கட்டணம் 21 பவுண்டு, குறைந்தது 10 வேலைநாள் முன்னதாக. முதல் வருடத்தில் மது வேண்டாமே, தேநீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மண்டபக்காரர்கள் பொதுப்பொறுப்புக் காப்பீடு கேட்பார்கள். நூலகத்தோடு சேர்ந்து நடத்தினால் அவர்களுடைய காப்பீட்டிலேயே அடங்குமா என்று கேட்டுப் பாருங்கள். பெரிதாகச் செய்ய ஆசை என்றால் நேஷனல் லாட்டரியின் ‘அவார்ட்ஸ் ஃபார் ஆல்’ திட்டத்தில் இங்கிலாந்தில் 300 முதல் 20,000 பவுண்டு வரை விண்ணப்பிக்கலாம், ஆனால் மாதக்கணக்கில் முன்கூட்டியே எழுத வேண்டும்.

திரைப்படம் போடும் ஆசை எல்லோருக்கும் வரும். இலவசமாகப் போட்டாலும் பொதுக் காட்சிக்கு உரிமம் வேண்டும். பள்ளியில் பாடத்துக்காக மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் மட்டும் போட்டால் பதிப்புரிமைச் சட்டம் சலுகை தருகிறது. அதே காட்சிக்குப் பெற்றோரை அழைத்தால் சலுகை போய்விடும்.

பள்ளியில்

தலைமையாசிரியருக்கு நீளமான கடிதம் எழுத வேண்டாம். வரலாற்று ஆசிரியருக்கோ பள்ளி நூலகருக்கோ நாலே வரி: யாரைப் பற்றி, எந்த வகுப்புக்கு, எத்தனை நிமிடம், என்ன காட்டப் போகிறீர்கள். பாடப் பொருளைக் கூடவே இணைத்து அனுப்புங்கள். ‘எல்ஜிபிடி பற்றிப் பேச வரலாமா’ என்று கேட்டால் அது நாலு கூட்டத்துக்குப் போய்ச் சுற்றும். ‘சங்கேத எழுத்து பற்றி ஒரு வரலாற்று வகுப்பு, ஆன் லிஸ்டரின் நாட்குறிப்பை வைத்து’ என்றால் அந்த ஆசிரியரே முடிவெடுக்கலாம். ஒளித்துவைத்துச் சொல்லச் சொல்லவில்லை. அவர் யாரைக் காதலித்தார் என்பதைக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள், பிறகு யாரும் ஏமாற்றப்பட்டதாக நினைக்கக் கூடாது.

அந்த வகுப்பை எப்படி நடத்தலாம் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஹாலிஃபாக்ஸின் ஷிப்டன் ஹால் மாளிகையில் வாழ்ந்த ஆன் லிஸ்டர் (1791–1840) எழுதிய நாட்குறிப்பு சுமார் 50 லட்சம் சொற்கள். அதில் ஆறில் ஒரு பங்கு, கிரேக்க எழுத்தும் கணிதக் குறிகளும் கலந்த அவருடைய சொந்தச் சங்கேதத்தில். 1890களில் அந்த வீட்டின் வாரிசு ஜான் லிஸ்டரும் நண்பர் ஆர்தர் பரெலும் உட்கார்ந்து அதை உடைத்தார்கள். ஒரு துண்டுத் தாளில் ‘இன் காட் இஸ் மை’ என்று வெளிப்படையாக எழுதி, கடைசிச் சொல் மட்டும் சங்கேதத்தில் இருந்தது. நான்கு குறிகள். ‘ஹோப்’ (hope) என்று ஊகித்தார்கள். நாலு எழுத்து கிடைத்துவிட்டது, மீதி ஒவ்வொன்றாக விழுந்தது.

பிள்ளைகளுக்கு அந்த வரியைப் பலகையில் எழுதிப் போட்டு, கடைசிச் சொல்லை அவர்களையே ஊகிக்க விடுங்கள். நாலு எழுத்து கிடைத்ததும், நீங்களாகவே தயாரித்த சின்ன வாக்கியத்தை அதே குறிகளில் கொடுங்கள். மூலப் பக்கங்களில் சிறுவர்களுக்குப் பொருந்தாத பகுதிகள் உண்டு, அவற்றிலிருந்து எடுக்க வேண்டாம். அவர்கள் உடைத்து முடித்ததும் கதையின் மறுபாதியைச் சொல்லுங்கள்: ஒரு பெண் பெண்களைக் காதலித்ததை எழுதியிருக்கிறார் என்று தெரிந்ததும், எல்லாவற்றையும் எரித்துவிடு என்றார் பரெல். ஜான் எரிக்கவில்லை, மாளிகைச் சுவரின் மரப்பலகைக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். ‘நீங்களாக இருந்தால் எரித்திருப்பீர்களா, ஒளித்திருப்பீர்களா, வெளியிட்டிருப்பீர்களா?’ இந்த ஒரு கேள்வியில் மீதி வகுப்பு ஓடிவிடும். 11, 12 வயதுக்கு இது நன்றாகப் பொருந்தும்.

பெற்றோர் உரிமை பற்றிக் கேள்வி வரும். இங்கிலாந்தில் பிள்ளையைப் பாலியல் கல்வி வகுப்பிலிருந்து விலக்கக் கோரலாம். 2020 செப்டம்பர் முதல் கட்டாயமான உறவுகள் பற்றிய கல்வியிலிருந்தோ வரலாற்று வகுப்பிலிருந்தோ விலக்கும் உரிமை கிடையாது. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்குத் தனித்தனி விதிகள். உரிமை இல்லை என்பதற்காகப் பேசாமல் இருந்துவிடவும் கூடாது. 2019இல் பர்மிங்காமில் எல்ஜிபிடி பற்றிய பாடங்களை எதிர்த்துப் பள்ளி வாசல்களில் வாரக்கணக்கில் போராட்டம் நடந்தது, கடைசியில் உயர் நீதிமன்றத் தடையுத்தரவு வரை போனது. பாடப் பொருளை முன்கூட்டியே பெற்றோர் பார்க்க வைப்பது நல்லது. இன்றைய அரசியல் சர்ச்சைகளை இந்த முதல் வகுப்புக்குள் கொண்டுவராதீர்கள். அரசியலில் ஒருபக்கம் சாயக் கூடாது என்பது பள்ளிகளுக்குச் சட்டப்படியான கடமை.

தமிழ் மண்டபத்தில்

இங்கே சூழல் வேறு. அக்கா, அண்ணா, ஐயா என்று பழகியவர்கள் மத்தியில் பேச வேண்டும். தலைவரைத் தனியாகப் பார்த்து முன்பே சொல்லிவிடுங்கள், பொதுக்குழுவில் திடீரென்று எழுப்பாதீர்கள். “பிள்ளைகளுக்கு இதெல்லாம் தேவையோ, தங்கச்சி?” என்று கேட்பார்கள். “வெள்ளைக்காரனின் பழக்கம்” என்றும் ஒருவர் நிச்சயம் சொல்வார். அதற்குப் பதில் வாதத்தில் இல்லை, ஒரு பலகையில் இருக்கிறது. தன்பாலுறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டம், பிரிவு 377: 1860, பிரிட்டிஷ் ஆட்சி எழுதியது. இலங்கைத் தண்டனைச் சட்டம், பிரிவு 365: 1883, அதுவும் அவர்களே. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 21 வயது கடந்த ஆண்களுக்கிடையிலான தனிப்பட்ட உறவு குற்றமல்ல என்றானது 1967இல். இந்திய உச்ச நீதிமன்றம் 377ஐத் தளர்த்தியது 2018 செப்டம்பர் 6. இலங்கையில் 365உம் அதோடு சேர்ந்த 365ஏ பிரிவும் இன்னும் இருக்கின்றன. கூடவே தமிழ்நாடு 2008இல் திருநங்கைகளுக்கு நலவாரியம் அமைத்ததையும் போடுங்கள். தேதிகளை மட்டும் எழுதி மாட்டிவிட்டு ஓரமாக நில்லுங்கள், வாசித்தவர்களே பேசிக்கொள்வார்கள்.

அருணாசலம், கார்ப்பென்டர் நட்பை இந்த மண்டபத்துக்கென்றே வைத்துக்கொள்ளலாம். சைவ சித்தாந்தம் படித்த பெரியவர் ஒருவர் அங்கே இருப்பார், குருணாகல் ஞானியைப் பற்றிப் பேச அவரையே கேளுங்கள். மேடையில் அவருக்கும் இடம் கிடைத்தால் நிகழ்ச்சி உங்களுடையது மட்டுமாக இருக்காது.

அன்றைக்கு

படம் எடுக்கும் விஷயத்தில் கறாராக இருங்கள். வந்திருப்பவர்களில் வீட்டுக்கே சொல்லாதவர் இருப்பார், தஞ்சக் கோரிக்கை நிலுவையில் உள்ளவர் இருப்பார், ஊரில் அம்மா அப்பா இருப்பவர் இருப்பார். ஒரு வாட்ஸ்அப் படம் யாழ்ப்பாணம் போய்ச் சேர அரை நிமிடம் ஆகாது. மேசையையும் காகிதங்களையும் மட்டும் படம் எடுக்கலாம் என்று வாசலிலேயே எழுதி மாட்டுங்கள். வந்தவர்களைப் பெயர் எழுதச் சொல்லாதீர்கள், ‘நீங்கள் எந்தப் பக்கம்’ என்று யாரையும் கேட்காதீர்கள், அன்பாகக்கூட. ஸ்விட்ச்போர்டு, சைல்டுலைன் (0800 1111) எண்கள் உள்ள சின்ன அட்டைகளை மேசையில் வைப்பதைவிடக் கழிவறைக்குள் வைத்தால் அதிகம் எடுபடும்.

யாராவது சத்தம் போட்டால் அவரோடு மேடையிலிருந்து வாதாட வேண்டாம். தேநீர் மேசைக்கு அழைத்துப்போக ஒருவரை முன்பே ஏற்பாடு செய்து வையுங்கள், முடிந்தால் அவர் வயதையொத்தவராக.

பிறகு

நிகழ்ச்சி முடிந்த வாரத்திலேயே அந்தப் பலகைகளையும் துண்டறிக்கையில் இரண்டு பிரதிகளையும் உள்ளூர் ஆவணக்காப்பகத்தில் கொடுத்துவிடுங்கள், பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள். கார்ப்பென்டரின் காகிதங்கள் இன்று கிடைப்பதும் யாரோ கொண்டுபோய்க் கொடுத்ததால்தான். யாராவது தன் கதையைப் பதிவு செய்யச் சம்மதித்தால் ஒப்புதல் படிவத்தில் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள்: பெயர் வரலாமா, எந்த ஆண்டு வரை மூடி வைக்க வேண்டும். அப்புறம், அடுத்த பிப்ரவரிக்கு நூலக மண்டபத்தை அன்றே பேசி வைத்துவிட்டு வாருங்கள், சனிக்கிழமைகள் சீக்கிரம் போய்விடும்.